கொல்குவின் மணியும் மடத்தின் பசியும்

மாடுகளுக்குக் கொள்ளை நோய் வந்துபோன ஆண்டுக்கு அடுத்த வசந்தத்தில் கொல்கு பிறந்தான். அதற்கு முந்திய ஆண்டு என்று சிலர் சொல்வது தவறு. அந்த ஆண்டில் பிறந்தவன் அவனுடைய அண்ணன். பால்குடி மறக்கும் முன்பே இறந்துவிட்டான். கொல்கு பிறந்ததும் இறந்ததும் ஒரே வீட்டில்தான். க்ளூன்ரூவா மடத்தின் சுற்றுமதிலுக்கு வெளியே, வாசலை ஒட்டி நிற்கும் வட்டக் குடிசை அது. மணிக்காரன் வீடு என்று பெயர். மடத்தை நிறுவிய புனிதர் தம் இரும்பு மணியைக் கொல்குவின் முன்னோன் ஒருவன் கையில் கொடுத்தார் என்று குடும்பத்தார் சொல்வார்கள். கொடுத்தாரா, மறந்து வைத்துவிட்டுப் போனாரா என்பதற்குச் சான்று இல்லை. மணி எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கே அந்த வீடு என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் இல்லை.

அவன் துறவி அல்லன். மடத்து நிலத்தை உழும் மற்றக் குடும்பத்தார் போல மனைவி, மக்கள், இரண்டு பன்றிகள் என்று வாழ்ந்தவன். மனைவி பெயர் லஸ்ஸார். சொல்லில் கூர்மையும் கையில் எப்போதும் ஒரு நூற்புக்கோலும் உள்ளவள். கொல்குவுக்கு உடம்பு பெரியது. அதிலும் பெரும்பகுதி வயிறு. ஈஸ்டர் விருந்துக்கு அவன் பக்கத்தில் உட்கார யாரும் விரும்புவதில்லை. தட்டில் கண் வைத்துக்கொண்டே கதை சொல்வான். கதை முடியும்போது தட்டு காலியாக இருக்கும், நம்முடைய தட்டு.

புதனும் வெள்ளியும் மடத்தில் நோன்பு. பிற்பகல் ஜெபத்தின் மணி அடித்த பிறகுதான் வாயில் ஏதாவது படலாம். மழைமேகம் மூடிய நாளில் பிற்பகல் எப்போது வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? கொல்குவின் வயிறு சொல்லும். அது இரைந்ததும் அவன் மணியைத் தூக்குவான். மடத்துக் குடியானவர்களும் விரதம் காத்தாக வேண்டும் என்பதால், அவன் அவசரம் நியாயமான அவசரம்தான். துறவிகளான நாங்கள் ஜெபம் சொல்லி, ரொட்டியும் பூண்டுத்தாளும் தின்று, மோர்த்தெளிவைக் குடித்துவிட்டு வயலுக்குப் போவோம். மணி கொஞ்சம் முந்துகிறதோ என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கும். வந்த எண்ணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிறகு ஃபெர்க்னா எங்களுக்குத் தலைவராக வந்தார். வடக்கே கடுந்தவத்துக்குப் பெயர்போன ஒரு மடத்திலிருந்து வந்தவர். நெட்டையானவர், காய்ந்தவர். ரொட்டித் துண்டைக் கையில் எடுத்தால் அதனிடம் ஏதோ விளக்கம் கேட்பதுபோல் பார்ப்பார். பாதித் துண்டை வைத்துவிட்டு எழுந்துபோவார். வந்த மாதமே முற்றத்தில் ஒரு நிழல்கல் நட்டார். கல்லின் முகத்தில் கோடுகள், நடுவில் ஒரு குச்சி. குச்சியின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுவே ஜெப வேளை.

வெயில் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை மணி ஒலித்தது. தலைவர் கல்லின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கொல்கு, இங்க வா. இது என்ன?"

"கல்லு, சாமி."

"கல்லு மேல?"

"நெழலு."

"நெழல் எங்க நிக்குது, கோடு எங்க இருக்கு?"

கொல்கு முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தான். இரண்டுக்கும் நடுவே அவனுடைய அகலமான கை ஒன்று தாராளமாக அடங்கும்.

"கல்லு புதுசுல்ல, சாமி. இன்னும் பழகல."

"பழகாதது கல்லு இல்ல. உன் வயிறு. மணியை டிம்மாகிட்ட குடு. அருளப்பர் திருநாளுக்குள்ள வீட்டையும் காலி பண்ணு."

டிம்மா எங்கள் துறவிகளில் ஒருவர். நேர்மையானவர். பசுவைக் காட்டினால், மறுபக்கத்தையும் பார்த்த பிறகுதான் பசு என்பார். வெயில் நாளில் அவர் மணி கோட்டில் விழும். மேகம் கவிந்தாலோ, நிழல் வரட்டும் என்று கல்லின் முன் நின்றுகொண்டே இருப்பார். மழையில் நனைந்தபடி நிற்பார். ஒரு புதன்கிழமை மாடுகள் தொழுவம் திரும்பிய பிறகுதான் பிற்பகல் மணி அடித்தது. அதை ஒட்டியே மாலை ஜெபமும் வந்துவிட்டதால், ஒரு வாய் ரொட்டியோடு ஓடினோம். வேதாகமச் சங்கீதம் பாடும்போது இரண்டு பேர் தூணில் சாய்ந்துவிட்டார்கள். தலைவர் அதைப் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டார்.

கோடையின் நடுவில் வரும் அருளப்பர் திருநாள் நெருங்கியது. வீடு போனால் கொல்கு குடும்பம் ஆற்றுக்கு அப்பால் சதுப்பு நிலத்தில்தான் குடிசை போட வேண்டும். பெரியவர்களிடம் நியாயம் கேட்க எளியவனுக்கு எங்கள் நாட்டில் ஒரு வழி உண்டு. அவர் வாசலில் போய்ப் பட்டினி உட்காருவது. இவன் உட்கார்ந்திருக்கும்வரை அவரும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் வழக்கில் தோற்றார். உட்கார்ந்தவன் சாப்பிட்டால் இவன் தோற்றான். அரசனானாலும் ஆயரானாலும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே.

கொல்கு அதைச் செய்யப் போவதாக வீட்டில் சொன்னபோது லஸ்ஸார் நூற்பதை நிறுத்திவிட்டாள்.

"யாரு, நீயா?"

"நான்தான்."

"சாப்பிடாமயா?"

"சாப்பிட்டுட்டு எப்படிடி பட்டினி கெடக்குறது?"

"அந்தாளு யாருன்னு தெரியுமா உனக்கு? ஒரு வாரம் தண்ணியக் குடிச்சிட்டு நிப்பாரு. நீ நேத்து கோழிக்கு வச்ச மாவையே நக்கிட்டே. மீனோட நீச்சல் போட்டி போடப் போறியே, மனுசா!"

"வேற வழி சொல்லு, கேக்குறேன்."

திங்கள் மாலை அவன் மதில் வாசலில் போய் உட்கார்ந்தான். அவள் நூற்புக்கோலோடு பக்கத்தில் உட்கார்ந்தாள், துணைக்கு அல்ல, காவலுக்கு.

இந்தச் செய்தியைக் கேட்டபோது தலைவரின் முகத்தில் முதல்முறையாக மகிழ்ச்சியைக் கண்டோம். "உக்காரட்டும், உக்காரட்டும். நானும் ரொம்ப நாளா ஒரு நல்ல நோன்பு இருக்கணும்னுதான் நெனச்சேன்" என்றார். கைகளை உரசிக்கொண்டு கோவிலுக்குள் போனார்.

கொல்கு ஐந்து நாள் பட்டினி கிடந்ததாக இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது மிகை. திங்கள் மாலை தொடங்கியது புதனன்று முடிந்துவிட்டது. ஆனால் கொல்குவைக் கேட்டிருந்தால் ஐந்து நாளும் குறைவு என்றிருப்பான். செவ்வாய்க்கிழமை ரொட்டி அடுப்பின் வாசனை மதிலைத் தாண்டி வந்தபோது அவன் கண்ணீர் விட்டான். போகிற வருகிற குடியானவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன கொல்கு அண்ணே, எளைச்சிட்டீங்க போல? எங்க எளைச்சதுன்னுதான் தெரியல."

"போடா. ஒங்க வீட்டுல என்னடா இன்னிக்கு?"

"பன்னிக்கொழுப்புல வதக்கின கீரை."

"உப்பு போட்டாளா, ஒங்கம்மா?"

"நீ அவன்கிட்ட எதையும் கேக்காத," என்றாள் லஸ்ஸார், கோலை ஓங்கி. "காதால சாப்பிட்டாலும் சாப்பாடுதான். டேய், நீ நடையக் கட்டு!"

புதன்கிழமை காலையில் கொல்கு மதிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தோற்றுவிடப் போகிறோம் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. "லஸ்ஸார், சதுப்புல கொசு ஜாஸ்தியா?" என்று மெல்லக் கேட்டான். உள்ளே தலைவர் நூற்றைம்பது சங்கீதங்களையும் நின்றபடியே பாடி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார்.

அந்த வேளையில்தான் தெற்கிலிருந்து ஆயர் குவன்னா மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். உருண்டையான மனிதர். கூட ஏழெட்டுச் சீடர்கள், நொண்டுகிற ஒரு குதிரை. விருந்தாளி வந்தால் அன்றைய நோன்பு தளர்ந்துவிடும் என்பது நம் எல்லா மடங்களுக்கும் பொதுவான வழக்கம். வந்தவரின் பாதங்களைத் தலைவர் கழுவ வேண்டும். உணவை ஆசீர்வதித்து முதல் வாயைத் தலைவரே உண்ண வேண்டும். அதன் பிறகுதான் விருந்தாளி தொடுவார். சமையல்காரர் எர்னான் மேட்டிலிருந்து குதிரையைப் பார்த்தவுடனேயே பன்றித் தொடையைக் கொப்பரையில் போட்டுவிட்டார்.

வாசலில் கிடந்தவனைக் கண்டதும் ஆயருக்கு இரக்கம் வந்துவிட்டது. பைக்குள் கைவிட்டு ஒரு பாலாடைக்கட்டியை எடுத்தார்.

"ஏம்ப்பா, நோன்பா? அதான் விருந்தாளி வந்தாச்சே. எந்திரி, சாப்பிடு."

கட்டி மூக்கின் அருகே வந்தது. கொல்குவின் கண் இன்னும் மூடியே இருந்தது; வாய் மட்டும் தானாகத் திறந்தது. நூற்புக்கோல் விசிறியடித்தது. கட்டி பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது. குதிரை அதைத் தின்றது.

"மன்னிச்சுக்குங்க சாமி," என்றாள் லஸ்ஸார். "இவரு சாப்பிட்டா எங்க வீடு போயிடும்."

அவள் விவரம் சொன்னாள். கேட்கக் கேட்க ஆயரின் முகம் மாறியது. இரக்கம் போய் அங்கே வேறொன்று வந்தது.

"அப்ப, ஃபெர்க்னாவும் சாப்பிட முடியாது?"

"முடியாதுங்க."

"அவரு முதல் வாய் எடுக்காம நான் எப்படிச் சாப்பிடுறது?"

கொல்கு அப்போதுதான் கண்ணைத் திறந்தான். "முடியாதுங்க சாமி," என்றான். "உள்ள பன்னித்தொடை வேகுது. வாசம் வருது பாருங்க. சீரகம் போட்டிருக்கான்."

ஆயர் மோந்து பார்த்தார். பிறகு உருண்டையான ஒருவர் நடக்கக்கூடிய மிக வேகமான நடையில் உள்ளே போய், தலைவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே வந்தோம். சங்கீதம் பாதியில் நின்றது.

"இவன் மேல உங்க கொறை என்ன, சொல்லுங்க."

"பசி தாங்காம நேரத்துக்கு முன்னாடி மணியடிக்கிறான்."

"பசி இல்லேன்னா?"

தலைவர் நேர்மையானவர். யோசித்துவிட்டு, "அடிக்க மாட்டான்" என்றார்.

"அப்ப விடிஞ்சதும் அவனுக்குக் கஞ்சி ஊத்துங்க. வழக்கு முடிஞ்சது. வாங்க, சாப்பிடலாம்."

"நோன்பு நாள்லயா!"

"அவன் வீடு மதிலுக்கு வெளியதானே இருக்கு? புதனும் வெள்ளியும் உள்ள வரட்டும். வெளியேருந்து வந்தா விருந்தாளிதானே. விருந்தாளிக்கு ஏது நோன்பு?"

விருந்தாளி வந்தால் எல்லோருக்கும் நோன்பு தளரும் என்ற எண்ணம் எங்கள் பக்கம் ஒரு சலசலப்பாக ஓடியது. தலைவர் திரும்பாமலேயே, "அவனுக்கு மட்டும்" என்றார்.

"வீடு, சாமி?" என்றாள் லஸ்ஸார்.

"மணி இவன்கிட்ட, வீடும் இவன்கிட்ட. நான் பிணை" என்றார் ஆயர். ஆயர் பிணை நின்றால் பிறகு யாரும் வாக்கு மாற முடியாது. தலைவர் தலையசைத்தார். நல்ல நோன்பு ஒன்று பாதியில் போன வருத்தம் அந்தத் தலையசைப்பில் தெரிந்தது. கொல்குவை இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். அன்று அவன் தின்றதைப் பற்றி எர்னான் கடைசிவரை பேச மறுத்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. கொல்கு காலையில் வந்து நான்கு அகப்பை ஓட்ஸ் கஞ்சியும் அதன் மேல் வெண்ணெயும் உண்டுவிட்டு வீட்டுக்குப் போனான். நிழல் கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டியது. தலைவர் கல்லையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் தாமே போய்க் குடிசைக் கதவைத் தட்டினார். உள்ளே குறட்டை கேட்டது.

"வயிறு நெறஞ்சா அவரு எந்திரிக்க மாட்டாருங்க சாமி," என்றாள் லஸ்ஸார். "கல்யாணமான நாளேருந்து இப்படித்தான். எதுக்கும்."

தலைவர் அவசரமாகத் திரும்பி வந்தார். கஞ்சியை நிறுத்த முடியாது, ஆயரின் பிணை. அளவு எவ்வளவு என்று ஆயர் சொல்லவில்லை என்பது அவருக்கு இரவு ஜெபத்தின்போது நினைவு வந்திருக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை அவர் சமையலறைக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அதற்குள் கால் வைத்திராதவர். இரண்டு அகப்பை போதும் என்றார். அன்று மணி, நிழல் கோட்டுக்குப் பாதி வழி இருக்கும்போதே அடித்துவிட்டது. வெள்ளியன்று மூன்று அகப்பை. அப்போதும் மணி கொஞ்சம் முந்தியது. மூன்றரை சரியாக வந்தது, ஆனால் மழை நாளில் மணி பிந்திவிட்டது. குளிரில் கஞ்சி மெதுவாகச் செரிக்கிறது என்று எர்னானும், இல்லை, நெருப்பருகே படுத்தால் தூக்கம் வருகிறது என்று டிம்மாவும் வாதிட்டார்கள்.

அன்றுமுதல் புதன், வெள்ளி காலைகளில் மடத்தலைவர் ஃபெர்க்னாவை யாராவது தேடினால் சமையலறையில் பார்க்கலாம். ஒரு கையில் அகப்பையோடு கொப்பரைக்கு மேல் குனிந்திருப்பார், வானத்தைப் பார்ப்பார், அரை அகப்பை ஊற்றுவார், யோசித்து, கொஞ்சம் திரும்ப எடுப்பார். ருசி பார்க்கவும் தொடங்கிவிட்டார் என்று எர்னான் சொன்னார். நான் பார்க்கவில்லை, ஆகவே உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஒருமுறை மேகமூட்டமான காலையில் கொல்கு தன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான்.

"சாமி, வெண்ணெய் கொறையுது."

"போதும்."

"எனக்குப் போதும் சாமி. மணிக்குப் பத்தாது. இன்னிக்கு சீக்கிரம் அடிச்சிடும், இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் கல்லைக் காட்டிக் கேள்வி கேக்கக் கூடாது."

தலைவர் வானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வெண்ணெய்ச் சட்டியைத் தம் பக்கம் இழுத்து, அகப்பையை அதில் விட்டார்.