வேகம் கூட்டிய கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த விடுதிப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மதிப்பெண் அறிக்கைகளை இனி அதில்தான் தயாரிக்க வேண்டும் என்று தலைமை சிஸ்டர் சொல்லிவிட்டார். அது ஒரு வகுப்பின் அறிக்கைகளை முடிப்பதற்குள் நான் ஒரு பீரியடே எடுத்துவிட்டு வந்துவிடலாம்.

பிசிக்ஸ் டீச்சருக்கு அந்தத் தாமதம் பொறுக்கவில்லை. பழனி கடைவீதியில் ரேடியோ கடை வைத்திருந்தவரின் மகள் அவர். "மதர்போர்டுல இருக்கற இந்தக் கிரிஸ்டல்தான் சார் இதுக்குத் தாளம் போடுது. வேகமான கிரிஸ்டலா மாட்டுனா மெஷினும் வெரசா ஓடும்" என்றார். சிஸ்டரிடம் அனுமதி வாங்கி, மதராஸிலிருந்து ஒன்றை வரவழைத்துப் பொருத்தினார். எனக்கோ ஒரே கவலை. கெட்டுப்போனால் ரிப்பேர் பார்க்க இந்த மலைக்கு யார் ஏறி வருவார்கள்?

மெஷின் வேகமாகத்தான் ஓடியது. சற்று நேரத்தில் மெமரியில் பிழை என்று திரையில் ஒரு வரி வந்து, எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டோம், மறுபடியும் நின்றது. விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் போர்டில் ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளினார். "இது மெமரியச் சரிபாக்கறத நிறுத்திரும் சார். இனிமே நிக்காது."

"பிழை போயிருமா, இல்ல நம்மகிட்ட சொல்லாம கெடக்குமா?"

அவர் பிரிண்டரில் தாளைச் செருகினார்.

மெஷின் நிற்கவே இல்லை. அச்சான தாள்களைப் புரட்டியபோது, பண்ணைக்காட்டிலிருந்து வந்து படித்த ஒரு பெண்ணுக்குக் கணக்கில் முப்பத்தாறு என்று இருந்தது. தேர்ச்சி. ஆனால் அவள் விடைத்தாளைத் திருத்தியவன் நான். முப்பத்திரண்டு வாங்கிவிட்டு என் எதிரில் நின்று அழுதவள் அவள். அதே தாளை மறுபடி அச்சடித்தோம். முப்பத்திரண்டு என்று வந்தது.

டீச்சர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மெஷினுக்குள்ள எல்லா எண்ணும் வெறும் ஒண்ணும் சைபருந்தான் சார். ரெண்டுக்கும் ஆறுக்கும் அதுல ஒரே ஒரு பிட்டுதான் வித்தியாசம். இந்த வேகத்த மெமரி தாங்கல."

"வேற எந்தப் பிள்ளைக்கெல்லாம் மாறியிருக்கோ?"

இருவரும் கட்டுக்கட்டாக அத்தனை தாள்களையும் கிழித்துப்போட்டோம். பழைய கிரிஸ்டலை மாட்டி, சுவிட்சையும் பழையபடி வைத்து, முதலிலிருந்து தொடங்கினோம். நான் விடைத்தாளிலிருந்து வாசிக்க, அவர் அச்சான தாளில் டிக் போட்டார். கடைசி வகுப்பு அச்சாகும்போது வாசலில் ஜீப்புகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. 

அந்தப் பெண்ணின் அப்பா அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ பாஸ் மார்க் எடுத்துருவாளா சார்?" என்று மட்டும் கேட்டார். எடுத்துவிடுவாள் என்றேன். எடுத்தாள்.

விடுமுறை முடிந்ததும் டீச்சர் வேகமான மெமரி சிப்புகளை வாங்கிப் போட்டு, புதுக் கிரிஸ்டலைத் திரும்ப மாட்டினார். சுவிட்சைத் தொடவில்லை. மெமரியில் எழுதி எழுதித் திரும்பப் படிக்கும் ஒரு புரோகிராமை ஓடவிட்டு, வகுப்புகளுக்கு இடையே ஓடிவந்து திரையைப் பார்ப்பார். நானும் போய்ப் பார்ப்பேன். ஒரு வாரமாகியும் பிழை வரவில்லை.

"இப்ப நம்பலாம் சார்" என்றார்.

அந்தப் பள்ளியை விட்டு வரும்வரை, அறிக்கையிலிருந்த ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.