மூன்றாவது குரல்

திருச்சானூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பேய் வீடு என்பார்கள். முன்பு இருந்த பெண் உள்ளேயே செத்துப்போனாளாம். குடும்பம் குட்டியோடு யாரும் குடிவரவில்லை. லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் எங்கள் இரண்டு பேருக்கும் குடும்பம் என்று ஒன்று இல்லாததால் வீடு கிடைத்தது.

கூட இருக்கும் அக்கா சித்தூர்க்காரி, தெலுங்கு. மகன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, விதவை முன்வாசலில் நிற்க வேண்டாம் என்றானாம். பின்வாசல் வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள்.

நான் நகரி. அதுவும் ஆந்திராதான், ஆனால் வீட்டில் தமிழ். புருஷனை விட்டு வந்து, பையோடு தம்பி வீட்டு வாசலில் நின்றேன். தறி போட்டது போக உனக்கு இடமெங்கே என்றான் தம்பி. அம்மா உள்ளேதான் இருந்தாள், வெளியே வரவில்லை. அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

அறையைக் காலி செய்கிறவர்கள் சீப்பும் சார்ஜரும் விட்டுப்போவார்கள். ஒருமுறை ஒரு தமிழ்ப் பேய் நாவல் கிடைத்தது. விடிகாலை வேலைக்குப் போய்ப் பதினோரு மணிக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு நான் படிப்பேன். அக்கா படுத்துக்கொண்டு கேட்பாள். கதையில் ஒரு பாழடைந்த பங்களா. அங்கிருக்கும் பேய் கதாநாயகியை அவள் அம்மா குரலிலும் அண்ணன் குரலிலும் கூப்பிடும். அவளும் எழுந்து போவாள். கூடத் தங்கியிருக்கும் சிநேகிதிதான் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பிடிப்பாள்.

"பேய்க்குக்கூட தெரிஞ்சிகீது பாரு மே," என்றாள் அக்கா. "பக்கத்து வூட்டுக்காரி குரல்ல கூப்ட்டா எவ போவா? ரத்தம் கூப்ட்டாதான் போவா."

அன்றைக்கே கதவில் சாக்பீஸால் தெலுங்கில் 'நாளைக்கு வா' என்று என்னை எழுதவைத்தாள். அவள் ஊர்ப் பக்கம் பேயைத் திருப்பி அனுப்ப அப்படித்தான் எழுதுவார்களாம். உச்சிவேளையில் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் என்றும் சட்டம் போட்டாள். பேய்க்கு இரண்டு குரலுக்கு மேல் வராதாம்.

ஒரு நாள் உச்சிவேளையில் வெளியே, "எக்கா" என்று தம்பியின் குரல். நான் எழுந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பலகொத்து, பதில் குடுக்காத," என்றாள். இன்னொரு முறை கூப்பிட்டான். மூன்றாவது வரவில்லை. கதவைத் திறந்தபோது தெருவில் ஒரு நாய்தான் நின்றது.

பேய்தான் என்று அக்கா சாதித்தாள். எனக்குத் தெரியும், பேயில்லை. இரண்டு குரலில் சலித்துப்போவது எங்கள் வீட்டு வழக்கம். இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாமே என்று அன்று முழுக்க அழுகை வந்தது.

மறுநாள் வந்து கதவைத் தட்டினான். முந்தின நாள் கதவிலிருந்ததைப் படித்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிப் போனானாம். ஆந்திராப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்ததால் வந்த வினை.

"அம்மா படுத்த படுக்கையா கீதுக்கா. யாரையும் தெரில. என் பொண்டாட்டி தறிக்குப் போவணும். நீ வந்துடு. ஆயிரம் இருந்தாலும் நம்ம ரத்தம்."

"அம்மா என்னைக் கேட்டுச்சா?"

தம்பி கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லத் தெரியாதவன், அந்த மட்டில் நல்லவன்.

போனால் வேலை போகும், இந்த வீடு போகும். அம்மாவுக்குப் பிறகு மறுபடி பையோடு வாசலில் நிற்க வேண்டும். போகாவிட்டால் பெற்றவளைக் கைவிட்டவள் என்ற பெயர். எனக்கு இரண்டுமே வேண்டாம், தூங்கினால் போதும் என்றிருந்தது.

அக்காதான் பேசினாள். "இங்க கூட்டினு வா நைனா. ஆளுக்கொரு ஷிப்ட் போய்க்கினு பாத்துக்கறோம்."

"பேய் வூட்லயா?"

"இங்க பேய் ஒருத்திதான். உங்க வூட்ல எத்தினி பேரு கீறீங்க?"

அடுத்த வாரமே வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அவன் முகத்திலிருந்த நிம்மதியைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. நாவல் பாதியில் கிடக்கிறது. படிக்கத் தெம்பில்லை.

இப்போது நான் வேலை முடிந்து வருவதும் அக்கா கிளம்புவதும் உச்சிவேளையில். அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிடுகிறாள். எல்லாம் மறந்தவளுக்கு என் பெயர் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. முதல் குரலுக்கே அக்கா, "வஸ்தாண்டாம்மா" என்று ஓடுகிறாள். சட்டம் போட்டவளே அவள்தான். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிடுகிறாள். மகள் வந்துவிட்டாள் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

நான் கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது குரல் வரட்டும் என்று படுத்திருக்கிறேன்.