தட்டில் பத்து நிமிடம்

கதவைத் திறக்கிறவர்கள்மேல் எரிந்து விழாமல் அவருக்குப் பொழுது விடியாது. கதவென்றால், செல்கள் வளரும் வெப்பப் பெட்டியின் கதவு. "எத்தனை தடவை சொல்றது? சும்மா சும்மா திறந்து பாத்தா வளருமா? விடுங்கப்பா!" ஆய்வகத்தில் அவருக்குக் 'கதவக்கா' என்றே பெயர்.

உள்ளே சின்னத் தட்டுகளில் வளர்பவை நரம்புக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். புற்றுதான், ஆனாலும் நரம்பின் குணம் விட்டுப்போகவில்லை. நரம்புகள் சேதி சொல்லச் சிந்துகிற ரசாயனத்தை ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு உறிஞ்சின என்று அளப்பது அக்காவின் வேலை. ஊற்றுவார், கடிகாரம் பார்ப்பார், சில்லிட்ட உப்புநீரால் சட்டென்று கழுவுவார். "போதும் குடிச்சது, வாயை மூடுங்கடி!" மனச்சோர்வுக்குத் தரும் மருந்தை முன்கூட்டியே விட்டு வைத்தால், பத்தே நிமிடத்தில் உறிஞ்சல் படுத்துவிடும்.

அதே மருந்துதான் வீட்டில் கணவருக்கும், மாத்திரையாக. அவர் பஸ் ஓட்டுநர். வாய் ஓயாத மனிதர். இப்போது வேலைக்கும் போகாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி. மருந்து வேலை செய்ய, தட்டில் பத்து நிமிடம் என்றால் மனிதருக்கு வாரக்கணக்கில் ஆகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர்தான் அக்கா. கட்டினவர் விஷயத்தில் படித்ததெல்லாம் பறந்துபோயிற்று. செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிடுவார்: "இன்னிக்கு எப்படி இருக்கு? கொஞ்சமாவது தேவலையா?"

ஒருநாள் கணவர் திரும்பாமலே சொன்னார்: "நான் என்ன உன் தட்டுல இருக்கிற செல்லா? இப்படித் துளைச்சு எடுத்தா மாத்திரையையே நிறுத்திடுவேன்."

அக்காவுக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டால்? மற்றவர்களை எதற்குத் திட்டுகிறோமோ அதையே வீட்டில் தானும் செய்வது அப்போதுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து கேள்வி கிடையாது. நாக்கு துறுதுறுக்கும், கடித்துக்கொள்வார். மாத்திரை அட்டையை மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பார். குறைந்திருந்தால் ஒரு பெருமூச்சு. தங்கை போன் பண்ணி, "மாமா எப்படிக்கா இருக்காரு?" என்றால், "நானே கேக்கல, நீ என்னடி கேக்கற?" என்று வைத்துவிடுவார்.

நேற்று மாலையும் அப்படித்தான். அக்கா கூடை நிறையப் பட்டாணியோடு கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் உரித்துக்கொண்டிருந்தார். வெளியே இருட்டியது. எழுந்து விளக்கைப் போடவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கணவரின் கை கூடைக்குள் வந்தது. ஒரு பிடி காயை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு, உரிக்கத் தொடங்கினார்.