பந்தைக் கையால் எடுத்த அப்பா

என் சித்தப்பா ஒரே ஆளாக இருந்துகொண்டு மூன்று பதவிகள் வகித்தார். ஊரிலே வேகப்பந்து வீச்சாளர். ஒஸ்லோவுக்கு வந்து மருத்துவமனைச் சலவைப் பகுதியில் பாரம் தூக்கித் தோள்மூட்டு தேய்ந்தபிறகு எங்கள் ஊராட்களின் கிரிக்கெட் அணிக்கு மனேஜர். அணி இரண்டாக உடைந்தபிறகு ஒரு பாதிக்கு முதலாளி. முதலாளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. துடுப்புகளும் விக்கெட்டுகளும் ஸ்டோவ்னரில் அவருடைய மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் கிடந்தன, சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

அணி உடைந்தது பெயரால். சித்தப்பாவுக்கு ஊர்க்கோயில் அந்தோனியாரின் பெயர்தான் வேண்டும். அவருடைய அண்ணனான என் அப்பாவுக்கு ஊரின் பெயர்தான் வேண்டும். ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே தாய் வயிறு. இருந்தும் ஆளுக்கொரு பிடிவாதம். ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் அப்பா முன்வரிசை, பின்வரிசை எல்லாருக்கும் கை கொடுப்பார். பக்கத்து வாங்கு வரிசையில் நிற்கும் தம்பி மட்டும் அவர் கண்ணில் படமாட்டார். சித்தப்பாவும் லேசுப்பட்டவரல்லர். எனக்கு வந்த நட்டம் வேறு: சித்தி பொரிக்கும் இறைச்சி ரோல்ஸ் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது.

அந்தக் கோடையில் இறுதி ஆட்டத்தில் இரண்டு பாதிகளும் மோதின. எனக்கு ஒன்பது வயது. கிண்ணத்தை அப்பா தூக்குவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தேன். கடைசி ஓவர் வந்தபோது வீச ஆளில்லை. இருந்தவர்களையெல்லாம் அப்பா விளாசித் தள்ளியிருந்தார். சித்தப்பா தன் கம்பளி ஜம்பரைக் கழற்றினார்.

"உங்களுக்கென்ன விசரே? எறியக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ!" என்று எல்லைக்கோட்டிலிருந்து சித்தி கத்தினார்.

"மனேஜரும் வேண்டாமெண்டுதான் சொல்லுறார். முதலாளி கேக்கிறாரில்லையே!"

என்றுவிட்டு, சித்தப்பா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பந்துக்குப் பந்து அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசிப் பந்தில் எங்களுக்கு இரண்டு ஓட்டங்கள் தேவை. சித்தப்பா வீசினார், வீசிய வேகத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். பந்து பாதி வழியில் ஒரே ஒருமுறை குத்தி, மெல்லத் தாழ்வாக அப்பாவை நோக்கி வந்தது.

"அடியுங்கோ அண்ணை!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். எல்லாரையும்விட நான்தான் பலமாகக் கத்தினேன். ஒரு தட்டுத் தட்டினால் கிண்ணம் எங்களுக்கு.

அப்பா பந்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து பந்தைக் கையால் எடுத்துக்கொண்டு தம்பியிடம் நடந்தார். ஆட்டம் நடக்கும்போது துடுப்பாட்டக்காரர் பந்தைக் கையால் எடுத்தால் அவுட். நடுவர் விரலைத் தூக்கினார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அழுதுகொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அப்பா சித்தப்பாவின் தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நோகுதோடா?"

"ஓம் அண்ணை."

அவ்வளவுதான் கதைத்தார்கள். சித்தி சித்தப்பாவை வைத்தியரிடம் கூட்டிப்போக, நிலக்கீழ் அறைச் சாவி அப்பாவின் கைக்கு வந்தது.

ஸ்டோவ்னருக்குப் போகும் ரயிலில், அந்தோனியார் அணியின் துடுப்புப் பையை முழங்கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தோற்ற மனிதருக்கு இவ்வளவு நிம்மதியான முகம் எப்படி வந்தது என்று எனக்கு ஆத்திரம். வழி முழுக்க அந்த விதியை அவருக்கு விளக்கினேன். பந்தை ஏன் தொடக்கூடாது, தொட்டால் ஏன் அவுட், எல்லாம் சொன்னேன். பாவம், அப்பாவுக்கு கிரிக்கெட் தெரியாது என்றே நினைத்தேன்.

"ஓமோ? எனக்குத் தெரியாமப் போச்சு பிள்ளை" என்று அவர் முதல்முறை கேட்பவரைப்போலத் தலையாட்டினார்.

போன குளிர்காலத்தில், வீட்டு நடையில் விளையாடும்போது பந்தைக் கையால் எடுத்ததற்காக என்னை அவுட் கொடுத்து அழவைத்தவரே அவர்தான் என்பது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவேயில்லை.