யாரும் கூப்பிடாத கோடு

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு வெள்ளியக்கா என்றுதான் பெயர். சின்னக் கண்ணாடித் துண்டின்மேல், தலைமுடியை ஆயிரமாகப் பிளந்த அளவில் மேடு மேடாக வெள்ளி பூசுவார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நான் லேசர் அடித்தால், அதில் கலந்த பூச்சிமருந்து திரையில் தனக்கே உரிய கோடுகளைக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளி மேடுகள் அந்தக் கோட்டை லட்சம் மடங்கு தூக்கிக் காட்டும். தொல்லை என்னவென்றால், எந்தக் கண்றாவி ஒட்டினாலும் அதையும் தூக்கிக் காட்டும்.

அதனால் அக்கா பவுடர் போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மாமியாருக்குத் தைலம் தேய்த்துவிட்டால் மறுபடி குளித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். இத்தனைக்கும் ஒப்பந்த வேலை. வருடா வருடம் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அடுப்பெரியும்.

இந்த வருடம் வந்தது வினை. சுத்தமான தண்ணீரை விட்டாலும் யாரும் கூப்பிடாத ஒரு கோடு வந்து நின்றது. பூசிய அன்றே சோதித்தால் இல்லை. இயக்குநர் அலமாரியில் ஒரு வாரம் இருந்து வந்தால் இருக்கிறது. இதைச் சொன்னால் காதில் வாங்குகிற ஆளா அவர்? அக்காவின் கை சுத்தமில்லை, இன்னொரு தடவை இப்படி வந்தால் கையெழுத்து கிடையாது என்றுவிட்டார். எனக்கு வந்த எரிச்சலில் லேசரை அவர் பக்கம் திருப்பலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் துண்டுகளை வாங்க இயக்குநர் அறைக்கு இருவரும் போனோம். இடத்தை மிச்சம் பிடிக்கிறாராம்: நாலு நாலாகக் காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்டு மாட்டி, ஒரே டப்பாவில் அடைத்திருந்தார். எங்களிடம் தருமுன் ரப்பர் பேண்டைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். தினமும் ரப்பர் பேண்டுகளோடு பார்த்த மணிக்கட்டுதான். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"சார், அதுல ஒண்ணு குடுங்க," என்றார் அக்கா.

அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அன்று பூசிய துண்டில் ஒரு சொட்டு விட்டார். லேசர் அடித்தேன். ரப்பரில் இருக்கும் கந்தகச் சரக்கு வெள்ளியில் ஒட்டிக்கொண்டு அதே கோடாக எழுந்து நின்றது.

சாயங்காலம் இயக்குநர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைச் சுருட்டி, பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு ரப்பர் பேண்டு மாட்டி நீட்டினார்.

அக்கா அதைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பன்னெண்டு வருஷமா இந்தக் கையில ஒரு வாசனை சோப்பு பட்டதில்ல சார். சுத்தமில்லன்னு சொல்லிட்டீங்களே."

இயக்குநர் தன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.