நான் பாய் தைத்த படகு

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம். துறைமுகத்தில் என்ஜினீயராக இருந்த என் கணவர், கப்பலேறப் போன தன் துரையிடமிருந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். மரப் படகல்ல, முழுக்க எஃகுத் தகடு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஸ்டவ் வைத்துச் சமைக்கலாம். நெடுந்தூரம் போவதற்கென்று பெரிய தண்ணீர்த் தொட்டியும் உண்டு. அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் துருப்பிடித்து நின்றது.

"நாம ரெண்டு பேரும் இதுல திருகோணமலைக்குப் போகப் போறோம்" என்றார். மயிலாப்பூரை விட்டு நான் போன தூரமெல்லாம் என் பிறந்த வீடு இருந்த மேற்கு மாம்பலம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துருவைச் சுரண்டினேன். சிவப்புப் பெயிண்ட் நகத்தில் ஏறி வாரம் முழுக்கப் போகாது. அந்தக் கையால் பரிமாறாதே என்பார் மாமியார். பழைய பாய்கள் நைந்துபோயிருந்ததால் புதுக் கித்தான் வந்தது. வீட்டுத் தையல் மிஷினில் ஊசி முறிந்தது. கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலுமாக மழைக்காலம் முழுக்கக் கையாலேயே தைத்தேன். ஆற்றுக்குள் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பாயில் காற்று நிறைந்து படகு சாய்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

தை பிறந்தது. வியாழக்கிழமை புறப்பாடு என்றார்.

"அதுக்குள்ள உங்காத்துல போய்ச் சொல்லிண்டு வந்துடு."

புதன்கிழமை மாம்பலத்திலிருந்து ஊறுகாய் ஜாடியோடு நேரே அடையாற்றுக்குப் போனேன். படகைக் காணோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா, நீ போவலியா? ஐயாவும் அவுரு கூட்டாளியும் நேத்து காலீலயே பூட்டாங்களே."

அவருடைய ஆபீஸ் சிநேகிதர் அந்தக் கூட்டாளி. ஒரே ஒரு நாள் வந்து, நாங்கள் சுரண்டுவதைப் பார்த்தபடி சிகரெட் பிடித்துவிட்டுப் போனவர். வெள்ளோட்டமாக இருக்கும், திரும்பி வந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் சாதம் போட்டார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

மாசிக் கடைசியில் ரயிலில் திரும்பினார். படகைக் கொழும்பில் ஒரு தோட்டத் துரைக்கு விற்றுவிட்டாராம். முகம் கறுத்திருந்தாலும் உற்சாகமாக இருந்தார். பொம்மனாட்டியைக் கடலில் அழைத்துப் போவது சரிப்படாது என்று மழைக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ பாய் தைச்சுக் கொடுத்திருப்பியா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நியாயம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே மாம்பலம் போய்விட்டேன். அப்பா எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். மறு வருஷம் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. ஒரு நாள் காலையில் அவர் வாசலில் வந்து நின்றார். வேறு ஒரு படகு விலைக்கு வருகிறதாம்.

"இந்தத் தடவை நிச்சயம் உன்னை அழைச்சுண்டு போறேன்" என்றார்.

அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். பள்ளிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.