நாலு பாய்ச்சல்

மூங்கில் கழியைப் பார்த்தால் நான் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். யார் வீட்டிலோ துணி காயப்போடும் கழியாக இருந்தாலும் சரிதான்.

2000களின் நடுவில் தோஹாவுக்கு வெளியே ஒரு குதிரைச் சவாரிப் பள்ளியின் லாயத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு சார் வருவார். பெரிய கம்பெனியில் என்ஜினியர், எங்கள் சிவகங்கைப் பக்கத்துக்காரர். அவருடைய பத்து வயது மகள் ஒரு மட்டக்குதிரையில் சவாரி பழகினாள். என் நெஞ்சு உயரம்கூட இல்லாத பழுப்புக் குதிரை. அதைக் குளிப்பாட்டித் தீனி வைப்பது என் வேலை. என் பேச்சைக் கேட்டதுமே சார், "நீ எந்த ஊருப்பா?" என்று பிடித்துக்கொண்டார். பொங்கலுக்கு வேட்டி கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குளிர்காலத்தில், குறுக்கே கம்பு வைத்த தடுப்புகளைக் குதிரையில் தாண்டும் போட்டி வைப்பார்கள். மட்டக்குதிரைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் நாலைந்து பிள்ளைகள்தான் வருவார்கள். "அதுல ஜெயிச்சா யாரு மதிப்பா?" என்று சார் பெரிய குதிரைகளின் பிரிவில் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தப் பிரிவில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஓட்டம் ஒரே சீராக, பார்க்க அழகாக இருக்க வேண்டும். ஒரு தடுப்பிலிருந்து அடுத்ததற்குப் பெரிய குதிரை நாலு பாய்ச்சலில் வந்து சேரும்படி அளந்து வைத்திருப்பார்கள். மட்டக்குதிரைக்கு ஐந்து வேண்டும். ஐந்தில் வந்தால் மதிப்பெண் குறையும். நாலில் வரச் சொன்னால் உடம்பை நீட்டி நீட்டி ஓடிவந்து, காலைத் தூக்க மாட்டாமல் கம்பைத் தட்டிவிடும். ஐந்தே போதும் என்று சொல்லிவிட்டு, அவளுக்குச் சவாரி பழக்கிய கோச் லீவில் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் சார் காரிலிருந்து ஒரு மூங்கில் கழியை எடுத்து வந்தார். "தம்பி, மத்தவங்ககிட்ட இதைச் சொல்ல முடியாது. நீ நம்ம ஊருப் புள்ள. குதிரை தாண்டுறப்ப இதைச் சட்டுனு தூக்கிடு. கால்ல நாலு தடவை பட்டுச்சுன்னா அப்புறம் தன்னால தூக்கும். பாப்பாவுக்குத் தெரிய வேணாம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு விசா கொடுத்த கஃபீல் அவர் இல்லை. என் வேலை அவர் கையில் இல்லை. 'நம்ம ஊருப் புள்ள' என்றதற்கே குழைந்துபோய், தடுப்பின் பக்கப் பலகைக்குப் பின்னால் கழியோடு நின்றேன். விழும் கம்பை எடுத்து வைக்க நிற்கிறேன் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். அதை எழுதும்போது என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

எலும்பில் மூங்கில் பட்ட சத்தம் அவளுக்கும் கேட்டது. "அங்கிள், டச் பண்ணிடுச்சா?"

"ஆமா பாப்பா, கம்புல பட்டுடுச்சு."

தன்னுடைய தப்பு என்று நினைத்து, குனிந்து குதிரையின் கழுத்தைத் தடவி, "சாரி, சாரி" என்றாள். சார் எனக்குக் கண்ணைக் காட்டினார். இன்னும் ஆறு தடவை தூக்கினேன். கடைசியில் குதிரை கம்புக்கு ஒரு முழம் மேலே பறந்தது. சார் கைதட்டினார்.

போட்டியில் அது நாலு பாய்ச்சலிலேயே வந்தது, ஒரு கம்பையும் தொடவில்லை. மூன்றாம் பரிசு. இத்தனை சின்னக் குதிரையா என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அழகாம். பயத்தில் காலைச் சுருட்டிக்கொண்ட பிராணிக்கு அழகு என்று மதிப்பெண் போட்டார்கள். சார் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். நானும் பல்லைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நான் தீனி வாளியோடு போனால் குதிரை பின்சுவரோடு ஒட்டிக்கொண்டது. மகள் கூப்பிட்டால் வந்தது. சார் கையை நீட்டினால்கூட முகர்ந்து பார்த்தது. கழி யார் கையில் இருந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு வாரம் கவனித்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "அங்கிள், உங்களைப் பார்த்தா மட்டும் ஏன் பயப்படுது? அடிச்சீங்களா?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "இருக்கும்டா கண்ணு. இவங்கள்லாம் சட்டுனு கை நீட்டிடுவாங்க. வேற ஆளைப் போடச் சொல்லலாம்."

அவள் என்னிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவளுக்கு முப்பது வயது நெருங்கியிருக்கும். அவளுக்குத் தெரிந்தவரை அந்தக் குதிரையை அடித்தவன் நான். அதில் பொய் ஒன்றும் இல்லை.